கதவைச் சாத்த ஐந்து நிமிடம்

2024 செப்டம்பர் 26 அன்று லினக்ஸ் உலகத்தைக் கலங்கடித்தது ஒரு பிரின்டர் விவகாரம். சிமோனே மார்கரிடெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளர் அன்று அம்பலப்படுத்திய விஷயம் இது: பக்கத்தில் எங்காவது பிரின்டர் இருக்கிறதா என்று தேடித் தருவதற்காகப் பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'கப்ஸ்-பிரவுஸ்ட்' என்ற சின்னஞ்சிறு புரோகிராம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அது 631 என்ற எண்ணுள்ள கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வந்து "நான் ஒரு பிரின்டர்" என்றாலும் நம்பிவிடும். உள்ளூர்க்காரனா, உலகின் மறு கோடியிலிருந்து வருபவனா என்று கேட்காது. போலி பிரின்டர் ஒன்றை உங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு, நீங்கள் ஒருநாள் அதற்கு அச்சிடக் கட்டளை கொடுக்கும் வரை காத்திருந்தால் போதும். அந்தக் கணத்தில் எதிராளியின் ஆணை உங்கள் கம்ப்யூட்டரில் நிறைவேறும்.

ஓட்டையை அடைக்கும் திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனால் கேள்வி வேறு. பிரின்டரே இல்லாத வீட்டில், ஓட்டல் அறையில், ரயில் நிலையத்தில் திறக்கப்படும் ஒரு லேப்டாப் எதற்காக பிரின்டருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது? யாரும் திறக்கச் சொல்லவில்லை. யாரும் மூடவும் இல்லை. அவ்வளவுதான்.

லினக்ஸ்காரர்களிடம் ஒரு பெருமிதம் உண்டு. "எங்களுக்கு வைரஸ் வராது" என்பார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பிணைத்தொகைப் புழு 150க்கும் மேற்பட்ட நாடுகளில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது வேடிக்கை பார்த்த லினக்ஸ் அன்பர்களுக்கு, அதே மாதம் 24ஆம் தேதி வேறு செய்தி காத்திருந்தது. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் 'சாம்பா'வில் ஏழு ஆண்டுகளாக ஒரு துளை இருந்தது அன்றுதான் வெளியே வந்தது. இரண்டு சம்பவங்களுக்கும் பொதுவான அம்சம் ஒன்று: 445 என்ற கதவு. அது வெளியாருக்குச் சாத்தியிருந்த கம்ப்யூட்டருக்குள் அந்த வழியாக ஒருவரும் வந்திருக்க முடியாது.

கதவைச் சாத்தும் வேலைக்குத்தான் 'ஃபயர்வால்' என்று பெயர். தமிழில் 'தீயரண்' என்கிறோம்; 'தீச்சுவர்' என்பவர்களும் உண்டு. அரண் என்றதும் அகழியும் மதிலும் முற்றுகையிடும் பகைவனும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் அவ்வளவு வீரமானது அல்ல. அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே, ஒன்றில் பிடித்த தீ மற்றதற்குத் தாவாமல் இருக்க எழுப்பும் தடுப்புச் சுவர் அது. இந்த அர்த்தத்தில் 'தீச்சுவர்' என்பதே விஷயத்துக்கு நெருக்கமானது. பொது வை-ஃபையில் உங்கள் பக்கத்து மேஜைக்காரர் எதிரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கே தெரியாமல் அவருடைய லேப்டாப் எரிந்துகொண்டிருக்கலாம். பொறி உங்கள் கூரையில் விழக்கூடாது.

இந்தச் சுவரின் அவசியத்தை உலகுக்கு உணர்த்தியவர் 22 வயது மாணவர் ஒருவர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மாரிஸ் 1988 நவம்பர் 2 அன்று இன்டர்நெட்டில் அவிழ்த்துவிட்ட புழு, தபால் வாங்கும் புரோகிராம், 'இன்னார் இருக்கிறாரா' என்று சொல்லும் புரோகிராம் போன்ற திறந்த கதவுகள் வழியே நுழைந்து ஆயிரக்கணக்கான இயந்திரங்களை முடக்கியது. அதுவரை இன்டர்நெட் என்பது ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழகக்காரர்களின் அக்கிரகாரம் போல இருந்தது. திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அதன் பிறகு திண்ணைக்குக் கம்பி போட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அவசர உதவிக்கான 'செர்ட்' குழு அதே ஆண்டு உருவானது. இந்தியாவின் 'செர்ட்-இன்' வந்தது 2004இல்.

கதவுகள் எத்தனை?

ஒரு கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியில் 65,535 கதவுகள். இவற்றை 'போர்ட்' என்கிறார்கள். வெப்சைட்டுக்கு 80, 443. தொலைவிலிருந்து நுழையும் 'எஸ்எஸ்ஹெச்'சுக்கு 22. பிரின்டருக்கு 631 என்று வழக்கம். கதவு இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை. அதன் பின்னால் ஒரு புரோகிராம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எவரும் காத்திராத கதவு வெறும் சுவர்.

இதை வைத்துத்தான் உபுன்டு தயாரிப்பாளர்கள் ஒரு கொள்கையை வகுத்தார்கள். புதிதாக நிறுவிய கம்ப்யூட்டரில், தவிர்க்க முடியாத ஒன்றிரண்டைத் தவிர, திறந்த போர்ட் எதுவும் இருக்காது. எனவே தீயரணை உள்ளே வைத்து அனுப்புவார்கள். ஆனால் முடுக்கி விடமாட்டார்கள். கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்பது வாதம்.

வாதம் முதல் நாளுக்குச் சரி. ஆறு மாதம் கழித்து? செல்போனிலிருந்து படங்களை இறக்க 'கேடிஇ கனெக்ட்' நிறுவியிருப்பீர்கள். அது 1714 முதல் 1764 வரையிலான போர்ட்களைப் பயன்படுத்துகிறது. அண்ணனுக்கு ஒரு ஃபைலை அனுப்ப சாம்பாவைப் போட்டிருப்பீர்கள். கல்லூரியில் படிக்கும் மகள், பைத்தான் மொழியில் ஒரே வரியில் ஒரு வெப் சர்வரை ஓடவிட்டு 8000ஆம் கதவில் முழு ஃபோல்டரையும் காட்சிக்கு வைத்திருப்பாள். அந்த ஒரு வரி, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஞாபகமாக மூடுபவர்கள் உலகில் மிகச் சிலர். தீயரண் அந்த மிகச் சிலரில் சேராதவர்களுக்கானது.

"என் வீட்டு ரவுட்டரே பாதுகாப்பு அல்லவா?" என்று கேட்கலாம். பெரும்பாலும் ஆம். ரவுட்டர் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் முகவரிகளை மறைத்து, தன் ஒரே முகவரியை வெளியே காட்டுகிறது. கேட்காத விருந்தாளி எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவார். ஆனால் லேப்டாப் என்ற பொருளின் குணமே வீட்டில் நிற்காமல் இருப்பதுதான். லாட்ஜ், நூலகம், விமான நிலையம், ரயில்டெல் வை-ஃபை தரும் ரயில் நிலையம் என்று அது போகும் இடத்திலெல்லாம் சுவருக்கு உள்ளே அந்நியர்கள் இருக்கிறார்கள். பயனாளிகள் ஒருவரையொருவர் தொட முடியாதபடி நல்ல நிர்வாகிகள் பிரித்து வைத்திருப்பார்கள்; ஆனால் அவர் நல்ல நிர்வாகியா என்று காபிக்குக் காசு கொடுக்கும்போது நாம் விசாரிப்பதில்லை. மேலும், புதிய 'ஐபிவி6' முகவரி முறையில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. அதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால், ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் உலகுக்குத் தெரியும் முகவரி கிடைக்கலாம். பழைய மறைப்பு தற்செயலாகத் தந்த பாதுகாப்பை இனி யாராவது வேண்டுமென்றே தர வேண்டும்.

லினக்ஸில் அதைத் தருவது அதன் கருவான 'கெர்னல்'தான். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில், ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய 'நெட்ஃபில்டர்' என்ற அமைப்பு சேர்ந்தது. உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அது பரிசோதிக்கிறது. எங்கிருந்து, எந்தக் கதவுக்கு, ஏற்கனவே நடக்கும் உரையாடலின் பதிலா, அழையா விருந்தாளியா? கடைசிக் கேள்விதான் முக்கியம். நீங்கள் ஒரு வெப்சைட்டைக் கேட்டால் வரும் பதிலை அது அடையாளம் கண்டு விடுகிறது. நீங்கள் கேட்காமல் வருவதை நிறுத்துகிறது. எனவே எல்லாக் கதவுகளையும் மூடிய பிறகும் உங்கள் ஈமெயில், வங்கிக் கணக்கு, யூடியூப் எதுவும் நிற்காது.

நெட்ஃபில்டருக்கு ஆணையிட 'ஐபிடேபிள்ஸ்', 2014இல் கெர்னலில் சேர்ந்த 'என்எஃப்டேபிள்ஸ்' ஆகிய கருவிகள் உண்டு. இரண்டும் வித்வான்களுக்கானவை. நம் போன்றவர்களுக்காக 2008 ஏப்ரலில் உபுன்டு 8.04 ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரே 'சிக்கலில்லாத தீயரண்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர், சுருக்கம் 'யூஎஃப்டபிள்யூ'.

செய்முறை

கீழே தமிழில் ஒலிபெயர்த்துத் தரும் கட்டளைகளை 'டெர்மினல்' ஜன்னலைத் திறந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். 'சூடோ' என்று தொடங்குபவை நிர்வாகி அதிகாரம் கேட்பவை. உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாமல் போகலாம். பயப்பட வேண்டாம்.

முதலில் நோயைப் பார்த்துவிட்டு மருந்துக்குப் போவோம். 'சூடோ எஸ்எஸ்' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி டி, யூ, எல், பி, என் ஆகிய ஐந்து எழுத்துகளும் போடுங்கள். காது தீட்டிக் காத்திருக்கும் எல்லாப் புரோகிராம்களும் பெயரோடு வரிசையாக வரும். முகவரி 127 என்று தொடங்கினால் அது கம்ப்யூட்டர் தனக்குள்ளே பேசிக்கொள்வது, விட்டுவிடலாம். நான்கு பூஜ்யங்கள், நட்சத்திரக் குறி, சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளிகள் இவற்றில் ஒன்று இருந்தால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்று தெரியாத புரோகிராம் இருந்தால் அதைத் தெரிந்துகொள்வது அரை வெற்றி. தேவையில்லை என்று தெரிந்து நீக்குவது முக்கால் வெற்றி. ஓடாத புரோகிராமைவிடச் சிறந்த தீயரண் இல்லை.

இரண்டாவது, கருவி இருக்கிறதா என்று பார்ப்பது. உபுன்டுவில் இருக்கும். டெபியனில் இல்லாவிட்டால் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் யூஎஃப்டபிள்யூ' என்று தருவித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கொள்கை. 'சூடோ யூஎஃப்டபிள்யூ டிஃபால்ட் டினை இன்கமிங்': கேட்காமல் வருபவர் எவருக்கும் அனுமதி இல்லை. அடுத்து 'சூடோ யூஎஃப்டபிள்யூ டிஃபால்ட் அலவ் அவுட்கோயிங்': நாமாக வெளியே போவதற்குத் தடை இல்லை. இந்த இரண்டு வரிகளில்தான் முழு தத்துவமும் அடங்கியிருக்கிறது. கெட்டவர்களின் பட்டியல் போட்டுத் தடுக்க ஆரம்பித்தால் பட்டியல் முடியவே முடியாது. தெரிந்தவர்களின் பட்டியல் சிறியது. அதை எழுதிவிட்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை.

நான்காவது, விதிவிலக்குகள். பெரும்பாலோருக்கு இது காலியாகவே இருக்கலாம். அந்த லேப்டாப்பில் தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து வேலை செய்பவராக இருந்தால் மட்டும், அரணை முடுக்குவதற்கு முன்பே 'சூடோ யூஎஃப்டபிள்யூ லிமிட் எஸ்எஸ்ஹெச்' என்று கொடுத்துவிடுங்கள். இல்லையேல் உங்கள் வீட்டுக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள். 'அலவ்' என்பதற்குப் பதில் 'லிமிட்' என்றால், ஒரே முகவரியிலிருந்து 30 விநாடிகளுக்குள் ஆறு முறை தட்டுபவனை அது நிறுத்திவிடும். பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் இயந்திரங்களுக்கு வைத்த வேகத்தடை.

ஐந்தாவது, 'சூடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்'. அரண் எழுந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி திறந்தாலும் இருக்கும். 'சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் வெர்போஸ்' என்று கேட்டால் நிலவரத்தைச் சொல்லும். கட்டளை என்றாலே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு 'ஜியூஎஃப்டபிள்யூ' என்ற முகப்பு உண்டு; ஒரு பொத்தானை இழுத்தால் அதே வேலை நடக்கும்.

ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. அங்கே 'ஃபயர்வால்டி' என்ற கருவி ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். நிம்மதி அடைவதற்கு முன் ஒரு விவரம்: அதன் 'ஒர்க்ஸ்டேஷன்' பதிப்பில் 1025 முதல் 65535 வரை அத்தனை கதவுகளும் வழக்கமாகத் திறந்தே இருக்கின்றன. பயனாளிக்குத் தொந்தரவு கூடாதே என்ற கரிசனம். 'பப்ளிக்' என்ற மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டால் கரிசனம் குறையும், பாதுகாப்பு கூடும்.

சோதனை

போட்ட பூட்டை இழுத்துப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கும் அதைச் செய்ய வேண்டும். அதே வை-ஃபையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் 'என்மேப்' என்ற கருவியை நிறுவி, அதன் பெயரோடு உங்கள் லேப்டாப்பின் முகவரியைக் கொடுங்கள். பரவலாகப் பயன்படும் 1,000 கதவுகளை அது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அரண் வேலை செய்தால் 'ஃபில்டர்ட்' என்ற பதில் வரும்; அதாவது, தட்டினோம், உள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. இந்தச் சோதனையை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் செய்யவும். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றி நுழைவதை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தண்டிக்கிறது. அனுமதி இல்லாமல் தட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம் அல்ல.

'பிங்' செய்து பார்த்தால் பதில் வருகிறதே என்று சிலர் பதறுவார்கள். யூஎஃப்டபிள்யூ அதை வழக்கமாக அனுமதிக்கிறது. ஆள் இருக்கிறார் என்று தெரிவது வேறு, கதவு திறப்பது வேறு.

மூன்று பொறிகளைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் மட்டும் ஃபைல் பகிர்வதற்காக, 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை அனுமதிக்கச் சொல்லிப் பல புத்திமதிகள் கிடைக்கும. அது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய எண் அல்ல. எதிர்ச்சாரி காபிக் கடை ரவுட்டரும் அதே எண்களைக் கொடுக்கலாம். வீட்டாருக்குத் திறந்த கதவு கடையிலும் திறந்திருக்கும். நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் விதியை மாற்றும் வசதி ஃபயர்வால்டியின் மண்டலங்களில் உண்டு. யூஎஃப்டபிள்யூகாரர்கள் வேலை முடிந்ததும் விதியை நீக்கிவிடுவது உத்தமம். 'சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்ட்' என்றால் விதிகள் வரிசை எண்ணோடு வரும். 'டெலிட்' என்று சொல்லி எண்ணைக் கொடுத்தால் போய்விடும்.

இரண்டாவது, 'டாக்கர்' பயன்படுத்தும் புரோகிராமர்களுக்கு. டாக்கர் வெளியே காட்டும் போர்ட்களுக்குத் தானே நேரடியாகக் கெர்னலில் விதி எழுதிக்கொள்கிறது. யூஎஃப்டபிள்யூ 'மூடியிருக்கிறது' என்று சொல்லும், கதவு திறந்திருக்கும். போர்ட்டை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு கட்டிவைப்பது எளிய பரிகாரம்.

மூன்றாவது பொறி நம் மனதில் இருப்பது. சுவர் எழுப்பியாயிற்று, இனிக் கவலையில்லை என்ற நினைப்பு. வெளியே போகும் எதையும் நாம் தடுக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் லேப்டாப்பை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2016 ஜூனில் வந்த ஓர் ஈமெயில் இணைப்பு வழியாக 'நெட்வயர்' என்ற ஒட்டுக் கருவி நுழைந்தது என்றும், ஃபைல்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன என்றும் 2021இல் வெளியான அறிக்கையில் கூறியது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. வழக்கின் வாதப் பிரதிவாதம் எப்படியிருந்தாலும், தொழில்நுட்பப் பாடம் தெளிவு. அறிக்கை சொல்லும் வழி, கதவைத் தட்டி வரும் வழி அல்ல. பயனாளி கையாலேயே திறக்க வைத்து, உள்ளிருந்து வெளியே தொடர்பு கொள்ளும் வழி. நாம் மேலே எழுதிய இரண்டு வரிக் கொள்கை அதை நிறுத்தாது. அதற்கு வேண்டியது தெரியாத இணைப்பைத் திறக்காத கை, தவறாமல் போடும் அப்டேட், பூட்டி வைத்த டிஸ்க், தனியே எடுத்து வைத்த பிரதி.

அப்படியானால் இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், மலேரியாவுக்குக் கட்டும் கொசுவலை டைபாய்டைத் தடுக்காது என்பதற்காக யாரும் கொசுவலையை வீசி எறிவதில்லை. 2024 செப்டம்பரில், 631 மூடியிருந்த லேப்டாப்காரர்கள், உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்தக் கதவைத் தட்ட வருபவனைப் பற்றிக் கவலைப்படாமல், திருத்தம் வரும் வரை நிதானமாகக் காத்திருக்க முடிந்தது. தீயரண் தரும் லாபம் அதுதான்: ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும் அடைக்கப்பட்ட நாளுக்கும் இடையே கொஞ்சம் அவகாசம்.

அந்த அவகாசம் நமக்கு மட்டும் உரியது அல்ல. மொழிபெயர்ப்பும் செய்தியும் பிழைப்பாகக் கொண்டவர்களின் லேப்டாப்பில் இன்னும் வெளிவராத கையெழுத்துப் பிரதிகள், பெயர் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடு பேசியவர்களின் குரல்கள் இருக்கின்றன. வக்கீலின் லேப்டாப்பில் கட்சிக்காரரின் ரகசியம். டாக்டருடையதில் நோயாளியின் ரிப்போர்ட். டியூஷன் ஆசிரியையுடையதில் நாற்பது குழந்தைகளின் விலாசமும் செல்போன் எண்களும். இவர்களில் யாரும் உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறதா விண்டோஸ் இருக்கிறதா என்று கேட்டு நம்பவில்லை. உங்களை நம்பினார்கள்.

சென்னையில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் முதல் கேரளப் பள்ளிகளின் லினக்ஸ் வரை, இந்த நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்கள் இலவச மென்பொருளோடு பழகி வளர்ந்திருக்கிறார்கள். சொந்தமாக ஒரு லேப்டாப் கைக்கு வரும்போது அவர்கள் தட்ட வேண்டிய வரிகள் மூன்று: வருவதை மறு, போவதை அனுமதி, முடுக்கு. இன்றிரவு அரிசி வேகும் நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.